அண்ணனுக்கு வந்தது

அசையக் கூடாது, கையைத் தூக்கக் கூடாது, நான் சொல்லும்போது மூச்சை இழுத்து நான் சொல்லும்போது விட வேண்டும், ரொம்பப் பயமாக இருந்தால் இந்த ரப்பர் பந்தை அமுக்குங்கள் அம்மா, என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படுக்கை தானாக நகர்ந்து என்னை ஸ்கேன் இயந்திரத்துக்குள்ளே கொண்டுபோனது. மூக்குக்கு மேலே ஒரு சாண் இடம் இருக்குமா, இருக்காது. கண்ணை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டால் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோகும் என்று ரஞ்சனி சொல்லி அனுப்பியிருந்தாள். மறக்கவில்லை. அவள் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள், நான் கழற்றிக் கொடுத்த தாலிக்கொடியையும் தோட்டையும் கைக்குட்டையில் முடிந்து கைக்குள் வைத்துக்கொண்டு. பக்கத்தில் தீபன். ரஞ்சனி என் மகள், தீபன் என் அண்ணன் மகன். இரண்டு பேருக்கும் கல்யாணம் பேசி, நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். நிறுத்தவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்றேன், அவ்வளவுதான். ஆனால் கல்யாண வீட்டில் பொறுங்கள் என்று ஒருத்தி சொன்னால் அது நிறுத்தியதாகத்தான் ஆகும். மூச்சை இழுங்கம்மா, என்று காதுக்குள் குரல் வந்தது. இழுத்தேன். பிடிச்சுக்குங்க. பிடித்தேன். தலைக்குப் பின்னால் எங்கேயோ தடதடவென்று ஆரம்பித்தது. இவ்வளவு சத்தம் வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு இந்தச் சத்தம் தெரியும். இது அப்பாவின் சேகோ மில்லில் ஈரமாவைக் குலுக்கி ஜவ்வரிசி மணியாக்குகிற இயந்திரத்தின் சத்தம். அதேதான். அது ஓட ஆரம்பித்தால் எங்கள் வீட்டுச் சமையலறையில் அலமாரிக் கண்ணாடி அதிரும், அம்மா பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுக் கையால் சாடை காட்டுவாள். விடுங்கம்மா, மூச்சை விடுங்க. விட்டேன்.

ஆத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் மரவள்ளிக்கிழங்கு புளித்த வாடை வரும். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது வாடையே இல்லை. அப்பா அர்த்தனாரி காலையில் மில்லுக்குப் போனால் மத்தியானம் சட்டையெல்லாம் வெள்ளையாக வருவார். அம்மா பாவாயி அவருக்குச் சொந்த அக்கா மகள். அம்மா பிறந்தபோதே இவள் எனக்குத்தான் என்று அப்பா சொன்னாராம், அப்போது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி அம்மா வெட்கப்படுவாள். தாய்மாமனைக் கட்டிக்கொண்டதால் அவளுக்கு மாமியார் என்று ஒரு புது மனுஷி வரவில்லை, சொந்தப் பாட்டியே மாமியார். அந்த வீட்டில் யாரும் யாருக்கும் அந்நியம் இல்லை. அதுதான், அதுதான் இப்போது என்னைப் படுத்துகிறது, அந்நியமே இல்லாமல் போனது. அவர்கள் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவர்கள். அப்பா கடைசிவரை அம்மா சாப்பிட்டாளா என்று கேட்காமல் சாப்பிட்டதில்லை. அந்த ஆசைக்குள்ளே ரத்தத்தில் வருகிற ஒரே எழுத்துப்பிழை இரண்டு பக்கமிருந்தும் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று யாருக்குத் தெரியும். யாருக்கும் தெரியாது. யாரையும் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும் என்று சில நாள் தோன்றும், ஒருத்தரைப் பிடித்து உலுக்கி உன்னால்தான் என்று சொல்லிவிட்டால் நெஞ்சு கொஞ்சம் இறங்கும். மூச்சை இழுங்க. சரி. பிடிங்க. அண்ணன் மில்லில் சாக்கு அடுக்கின்மேல் சுருண்டு கிடக்கிறான். முழங்கால் இரண்டும் நெஞ்சில் முட்டுகிறது. ஆறாவதோ ஏழாவதோ படித்தான். நான் போய் அம்மா கூப்பிடுகிறாள் என்றால் அவன் கண்ணைத் திறக்கவில்லை. முதுகுவரைக்கும் குத்துது பாப்பா, என்றான். விடுங்க. அம்மா ஓமத்தண்ணி கொடுத்தாள், பெருங்காயத்தை அரைத்துத் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போட்டாள், சூடு பிடித்துக்கொண்டது என்றாள், கண்ணுபட்டது என்றாள். இரண்டு நாளில் சரியாகிவிடும். பிறகு ஒரு மாதம் கழித்து, அல்லது ஒரு கல்யாண விருந்து சாப்பிட்ட மறுநாள், திரும்ப வரும். குமரவேல் என்றால் வயிற்றுவலிக்காரன் என்று பள்ளிக்கூடத்தில் பேராகிவிட்டது. அவன் சாப்பாட்டுக்குப் பயந்தான். எண்ணெய்ப் பலகாரம் வைத்தால் தட்டை என் பக்கம் தள்ளிவிடுவான், பாப்பா நீ சாப்பிடு என்று. நான் சாப்பிட்டேன். அவன் பங்கு வடையை, அவன் பங்கு கறியை, தீபாவளி அதிரசத்தை. ஒரே சட்டி, ஒரே எண்ணெய், ஒரே கிணற்றுத் தண்ணீர். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏப்பம்கூட வந்ததில்லை.

சத்தம் மாறிவிட்டது, இப்போது இழுத்து இழுத்து வருகிறது, மாடு அரற்றுகிற மாதிரி. கால் மரத்துப்போனது போல் இருக்கிறது, அசைக்கலாமா, கூடாது என்றாளே. சேலத்தில் அண்ணனை முதல்முதலாக ஸ்கேன் எடுத்தார்கள். அப்போது அவனுக்குப் பத்தொன்பதோ இருபதோ, பாலிடெக்னிக் முடித்திருந்தான். நானும் போயிருந்தேன், எனக்குக் கண்ணாடி வாங்க வேண்டியிருந்தது. அந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கணையத்தில் கல் கல்லாக இருக்கிறது என்றார். கணையம் என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் நாங்கள் கேட்டோம். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டாக்டர் அண்ணனைப் பார்த்து, எத்தனை வருஷமாக் குடிக்கிறே, என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார், எந்த ஊர் என்று கேட்பது போல. அண்ணன், நான் குடிக்கறதில்லீங்க, என்றான். எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, என்று அவர் மருந்து எழுதப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. அந்த டாக்டர் கெட்டவரில்லை, அவருக்குப் பாடத்தில் அப்படித்தான் இருந்திருக்கும், கணையத்தில் கல் என்றால் சாராயம் என்று. திரும்பி வரும்போது அப்பா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். வாழப்பாடி தாண்டும்போது அவர் அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது, முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டிருந்தார். சாராயத்தைக் கையால் தொடாத மனுஷன். அவருடைய அண்ணன் ஒருவர் குடித்தே செத்தவர், அந்தப் பிணத்தைச் சாக்கடையிலிருந்து தூக்கி வந்தவர் அப்பாதான். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பார். அன்றைக்கு ராத்திரி அண்ணன் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனான். என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதினான். மோந்து பாரு பாப்பா, என்னைக்காவது வந்திருக்கா, போய் அப்பாகிட்டச் சொல்லு, என்றான். வாயில் பசி நாற்றம்தான் வந்தது. நான் போய்ச் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன். அப்பா என் தலையைத் தடவி, நீ அவன் தங்கச்சி, அப்படித்தான் சொல்லுவே, என்றார். மூச்சை இழுங்க. ஐயோ, இழுத்துவிட்டேனா, முன்னாலேயே இழுத்துவிட்டேன். பரவாயில்லைம்மா, மறுபடி எடுக்கறேன், நல்லா விட்டுட்டு இழுங்க.

பிடித்திருக்கிறேன். பிடித்திருக்கும்போது நேரம் நகர்வதில்லை. மாரியம்மன் கோயிலில் அப்பா அண்ணனைச் சூடம் அணைக்க வைத்தார். ஊர்க்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள், அப்பாவே கூப்பிட்டு வைத்திருந்தார். மறைத்து வைத்தால் திருந்த மாட்டான் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அண்ணன் குளித்து ஈரவேட்டியோடு நின்றான். இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சொல்லித் தட்டில் எரிந்த சூடத்தை உள்ளங்கையால் அணைத்தான். வீட்டுக்கு வந்து நான் கேட்டேன், குடிக்காதவன் எதுக்கு இனிமேன்னு சொன்னே. அவன் சிரித்தான். காப்பாத்தறதுக்கு ரொம்ப லேசான சத்தியம் பாப்பா, அப்பா தூங்கட்டும், என்றான். விடுங்க. விட்டேன். அப்பா தூங்கினார். ஒரு ஒன்றரை மாதம் வீட்டில் எல்லாரும் சிரித்துப் பேசினோம், அம்மா கறி எடுத்து ஆக்கினாள். பிறகு வலி வந்தது. வராமல் இருக்குமா, வலிக்கு என்ன தெரியும் சத்தியத்தைப் பற்றி. அண்ணன் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு கூடத்தில் உருண்டான். அப்பா வாசலில் நின்று பார்த்தார். மற்றவர்கள் முன்னால் பொய் சொன்னதுகூடப் பெரிதில்லை, ஆத்தா முன்னால் அணைத்த கையோடு போய்க் குடித்திருக்கிறான் என்று அவருக்கு. அதற்குப் பிறகு அவனோடு அவர் பேசவில்லை. எத்தனை வருஷம். நான் கல்யாணமாகி ராசிபுரம் வந்தபிறகும் பேசவில்லை, அண்ணன் ஆத்தூரில் வண்டி உதிரிபாகக் கடை வைத்துத் தனியாகப் போனபோதும் பேசவில்லை. சர்க்கரை வந்தது அவனுக்கு, முப்பது ஆகுமுன்னே ஊசி. ஆள் ஒட்டிப்போனான். கல்யாணத்துக்குப் பார்த்த இடமெல்லாம் தட்டிப்போயிற்று. கடைசியில் மல்லிகா அண்ணி வீட்டில்தான் கொடுத்தார்கள், அவர்கள் தர்மபுரிப் பக்கம், எங்கள் ஊர்ப்பேச்சு அவ்வளவு தூரம் போய்ச் சேரவில்லை. அண்ணியிடம் அவன் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். அவள் நம்பினாள். ஒருத்தியாவது நம்பினாளே.

அப்பா சாகக் கிடந்தபோது அண்ணன் வந்தான். அதை நினைக்கக் கூடாது, இப்போது நினைத்தால் மூச்சு முட்டும், இங்கே முட்டினால் பந்தை அமுக்க வேண்டிவரும், மறுபடியும் முதலிலிருந்து எடுப்பார்கள். நினைக்காமல் இருக்க முடிகிறதா. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் நான். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அப்பா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, இப்பவாவது உட்டுட்டியா சாமி, என்று. சாமி என்று சொன்னார். சின்னப் பிள்ளையில் அவனை அப்படித்தான் கூப்பிடுவார். நான் வாயைத் திறந்தேன். அவன் எப்பப்பா தொட்டான் என்று கத்தப் போனேன். அண்ணன் என்னைப் பார்த்தான், தலையைக்கூட ஆட்டவில்லை, பார்த்தான், அவ்வளவுதான். பிறகு அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, உட்டுட்டேன்பா, என்றான். அப்பா அவன் கையைத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். மறுநாள் போய்விட்டார், முகம் தெளிவாக இருந்தது. எல்லாரும் சொன்னார்கள், மகன் திருந்தினதைப் பார்த்துட்டுப் போனார் என்று. நான் பேசியிருக்க வேண்டுமா. பேசியிருந்தால் அவர் நம்பியிருப்பாரா, அல்லது கடைசி மூச்சில் இவளும் பொய் சொல்கிறாள் என்று போயிருப்பாரா. நம்பியிருந்தால் அது இன்னும் மோசம், இத்தனை வருஷம் வீணாகப் பிள்ளையை விலக்கினேனே என்று அந்தக் கடைசி ஒரு நாளில் அவர் என்ன பண்ணியிருப்பார். இங்கேயே சுற்றுகிறேன். எத்தனை தடவை சுற்றினாலும் இதே கட்டில், இதே கை. இழுங்க. பிடிங்க. பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் அமுதவல்லி மட்டும் அந்தக் காலத்திலேயே எங்களுக்குக் கிடைத்திருந்தால். அவர் அப்போது பள்ளிக்கூடம் படித்திருப்பார், எப்படிக் கிடைப்பார். அண்ணனுக்கு மஞ்சள்காமாலை வந்து கோயமுத்தூருக்குக் கூட்டி வந்தபோதுதான் இந்த ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தோம். கல் இருந்த இடத்தில் கட்டி வந்துவிட்டது, பல வருஷம் புண்ணாகவே இருந்தால் சிலருக்கு அப்படி ஆகும் என்றார். அவர் குடிப்பாயா என்று கேட்கவில்லை. எந்த வயசில் முதலில் வலித்தது என்று கேட்டார். உங்கள் அப்பா அம்மா சொந்தமா என்று கேட்டார். ரத்தம் எடுத்து ஜீன் பார்க்க அனுப்பினார். அண்ணன் என் பக்கம் திரும்பிப் பார்த்தான், இந்தக் கேள்விக்காக ஆயுசெல்லாம் காத்திருந்தவன் மாதிரி. முடிவு வந்ததும் எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். நாம் தின்கிற பருப்பையும் கறியையும் அறுத்துக் கரைக்கிற நொதிகளைக் கணையம்தான் சுரக்கிறது. அவை குடலுக்குப் போய்ச் சேர்ந்தபிறகுதான் விழித்துக்கொள்ள வேண்டும். கணையத்துக்குள்ளேயே ஒன்றிரண்டு விழித்துவிட்டால் கணையத்தையே அறுக்க ஆரம்பித்துவிடும். அப்படி விழிப்பதைப் பிடித்து வாயை அடைப்பதற்கென்று ஒரு சின்னப் புரதம் அங்கேயே இருக்கிறது. மணி கோத்த மாதிரி ஒரு சரம் அது, உங்களுக்கு அதில் ஓரிடத்தில் ஒரு மணி வேறாக இருக்கிறது, அப்பா கொடுத்ததிலும் அம்மா கொடுத்ததிலும். குடிக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்க வேண்டியதில்லை, என்றார். கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், அந்தச் சேலத்து டாக்டர் கேட்டது போலவே. அண்ணன் ஒன்றுதான் கேட்டான், பையனுக்கு வருமாங்க. வெளியே வந்து பஸ் ஏறி உட்கார்ந்தபிறகு, ரொம்ப நேரம் கழித்து, போய் அப்பாகிட்ட யார் பாப்பா சொல்றது, என்று சொல்லிச் சிரித்தான். ஆறு மாதத்தில் அவனே போய்விட்டான். போய்ச் சொல்லியிருப்பான் என்று நினைக்க ஆசையாக இருக்கிறது. எனக்கு அந்த நம்பிக்கை அவ்வளவாக இல்லை.

அதற்கப்புறம் டாக்டர் என் ரத்தத்தையும் கேட்டார். கூடப்பிறந்தவர்களைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று தெரியும் என்றார். கொடுத்தேன். எனக்கும் அதே மாற்றம். அப்பா பக்கமும், அம்மா பக்கமும். அண்ணனுக்கு இருந்ததேதான், அதே இடம், அதே மணி. அப்போ எனக்கு ஏங்க வரலை, என்று கேட்டேன். இந்தப் புரதத்தில் வேறு வேறு இடத்தில் மாற்றம் வருவதுண்டு, சிலதில் மடிப்பே தவறிப்போய் அது செல்லை விட்டு வெளியே வராது, அதெல்லாம் சுலபமாகப் புரிகிறது என்றார். உங்க வீட்டு மாற்றம் அப்படி இல்லீங்க, சோதனைக்குழாயில் வச்சுப் பார்த்தா மாறினதும் மாறாததைப் போலத்தான் வேலை செய்யுது, ஒரு குறையும் தெரியலை, ஆனா இந்த நோய் வந்தவங்களை எடுத்துப் பார்த்தா நிறையப் பேர்கிட்ட இதுதான் இருக்கு, ஏன்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியலை, என்றார். மரவள்ளிக்கிழங்கு தின்பதால் வருகிறது என்று முன்பு சொல்வார்களாம், அதுவும் நிச்சயமில்லை. வேறு ஏதோ ஒன்று கூடச் சேர வேண்டும், அது என்னவென்று தெரியாது. இது இருந்து நோய் இல்லாதவர்களும் உண்டு, உங்களைப் போல, என்றார். வீட்டுக்கு வந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், துணி துவைக்கும்போது, பஸ்ஸில் போகும்போது. சோதித்துப் பார்த்தால் குற்றமில்லை. ஆனாலும் நோய் இருக்கும் இடத்தில் எல்லாம் அது இருக்கிறது. எங்கள் அண்ணன் வாயை மோந்து பார்த்தேனே, குற்றமில்லை என்று நானே போய்ச் சொன்னேனே. எதற்கு இதையும் அதையும் முடிச்சுப் போடுகிறேன். புரதத்துக்கு என்ன தெரியும். ஆனால் நான் மட்டும் ஏன். அவன் பங்கையும் சேர்த்துத் தின்றவள் நான்.

சத்தம் நின்றுவிட்டது. முடிந்ததா. இல்லைம்மா, இன்னும் கொஞ்சம்தான், அசையாதீங்க. இப்போது அமைதிதான் பயமாக இருக்கிறது. ரஞ்சனி பிறந்தபோது அண்ணன் வந்து துணியோடு தூக்கி என் மருமகள் என்றான், எல்லா மாமன்மார்களும் சொல்வதுதான், விளையாட்டுப் பேச்சு. ஆனால் அவளும் தீபனும் தாங்களாகவே அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இவளுக்குப் பாங்கியில் வேலை, அவனுக்கு நாமக்கல்லில் ஒரு கல்லூரியில். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாறி மாறி இருந்து பார்த்துக்கொண்டார்களே, அங்கேதான் என்று நினைக்கிறேன். கேட்டபோது எனக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது, அப்புறம்தான் கணக்குப் போட ஆரம்பித்தேன். என்னிடம் இரண்டும் மாறியது, ஆகவே ரஞ்சனியிடம் ஒன்று உறுதி. அண்ணனிடம் இரண்டும் மாறியது, ஆகவே தீபனிடம் ஒன்று உறுதி. இரண்டு பேரும் சேர்ந்தால் பிறக்கிற பிள்ளைக்கு மறுபடியும் இரண்டு பக்கமும் வரலாம், வராமலும் போகலாம். கொஞ்சம் பொறுங்கள் என்று நான் சொன்னபோது மல்லிகா அண்ணி எழுந்து நின்றாள். குடிகாரன் மகன்னு யோசிக்கிறீங்களா, என்றாள். அவளே கேட்டாள். நம்பின ஒருத்தி, அவள் வாயிலிருந்தே அந்த வார்த்தை வந்தது. அண்ணன் செத்தும் அந்த வார்த்தை சாகவில்லை, சொந்தத்துக்குள்ளேயே எங்கேயோ தங்கிவிட்டது. நான் விளக்கி விளக்கிச் சொன்னேன், அவள் அழுதாள், நானும் அழுதேன். அப்புறம்தான் டாக்டர் சொன்னார், உங்க கணையத்தை ஒருதடவை நல்லாப் பார்த்துடுவோம், வலி இல்லாமலேயே உள்ளே கல் இருக்கறதும் உண்டு, இந்த வயசுவரைக்கும் சுத்தமா இருந்தா அது பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் தைரியம், என்று. அதற்காகத்தான் படுத்திருக்கிறேன். சுத்தமாக இருக்கட்டும். இருக்கட்டும் சாமி. இழுங்க, பிடிங்க. ஆனால் ஒரு கல் இருந்தால். சின்னதாக, மிளகளவுக்கு ஒன்று. யாருக்கும் தொந்தரவு இல்லாமல் ஒரு ஓரமாக. அப்போது அவன் தனியாக இல்லை என்றாகும். ஒரே வயிற்றில் பிறந்தோம், உனக்கு வந்தது எனக்கும் வந்ததுடா அண்ணா என்று சொல்லிக்கொள்ளலாம். என்ன நினைக்கிறேன் நான். வெளியே பெண் உட்கார்ந்திருக்கிறாள், அவள் வாழ்க்கை, அதை வைத்துக்கொண்டு நான் கல்லைக் கேட்கிறேன். வேண்டாம். வேண்டவே வேண்டாம். ஆனால் கேட்டுவிட்டேனே, நினைத்ததை எப்படித் திருப்பி எடுப்பது. படம் எடுக்கிற இயந்திரத்துக்கு நினைப்பு தெரியுமா. விடுங்கம்மா. விட முடியவில்லை. விடுங்கம்மா, மூச்சை விடுங்க, முடிஞ்சிடுச்சு.

படுக்கை வெளியே வந்தபோது விளக்கு கண்ணைக் குத்தியது. அந்தப் பெண் என் கையைப் பிடித்து எழுப்பி உட்கார வைத்தாள். கண்ணோரம் ஈரமாக இருந்ததைப் பார்த்து, பயந்துட்டீங்களா, நிறையப் பேர் அழுவாங்க, என்றாள். புடவை மாற்றிக்கொண்டு டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தேன். ரஞ்சனி வந்து கொடியைக் கழுத்தில் போட்டுவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். கூப்பிட்டபோது, நான் மட்டும் போறேன் என்று உள்ளே போனேன். டாக்டர் அமுதவல்லி திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் மேகம் மேகமாக இருந்தது, நடுவில் வெள்ளையாக மெல்லிய கோடு. இதுதான் குழாய், பாருங்க எவ்வளவு நேராப் போகுது, ஒரு கல்லும் இல்லை, ஒரு வீக்கமும் இல்லை, என்றார். நான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணனுடைய படத்தை இதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அது சோளப்பொரி இறைத்த மாதிரி இருந்தது. அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவர் தண்ணீர் கொடுத்தார். சந்தோஷமும்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வெளியே வந்து இரண்டு பேரிடமும், சுத்தமா இருக்காம், என்றேன். ரஞ்சனி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். தீபன் கொஞ்சம் தள்ளி நின்றான். அவன் நிற்பது அவன் அப்பன் நிற்பது மாதிரியே, ஒரு கையால் மறுகை முழங்கையைப் பிடித்துக்கொண்டு. அவன் மெதுவாக, அப்பா இருந்திருந்தா இதைக் கேட்டு ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பாரு அத்தை, என்றான். உங்களுக்கு வந்துடக் கூடாதுன்னு அவருக்கு எப்பவும் ஒரு பயம், உங்க வீட்டுக்குப் போயிட்டு வந்தா நீங்க எவ்வளவு சாப்பிட்டீங்கன்னு அம்மாகிட்டச் சொல்லுவாரு, என்றான். எனக்கு அது தெரியாது. ஒரு நாளும் அண்ணன் சொன்னதில்லை. நான் சாப்பிடும்போது அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்பது தெரியும், தன்னால் முடியவில்லையே என்று பார்க்கிறான் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

அவர்கள் இரண்டு பேரையும் டாக்டரிடம் அனுப்பினேன். என்ன கேட்க வேண்டுமோ நீங்களே கேளுங்கள், என்ன சொன்னாலும் நீங்களே முடிவு பண்ணுங்கள், நான் இனிமேல் எதையும் நிறுத்த மாட்டேன் என்று சொன்னேன். கீழே கேண்டீனுக்குப் போய் ஒரு தோசை சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே ஆட்டோக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி சாப்பிட்டிருக்கும்போது அவர்கள் வந்து எதிரே உட்கார்ந்தார்கள். கல்யாணம் பண்ணிக்கறோம் அத்தை, குழந்தையைப் பத்தி அப்புறம் பேசிக்கறோம், முன்னாடியே பார்க்கறதுக்கு வழி இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க, வந்தாலும் இப்ப வைத்தியம் இருக்குன்னும் சொன்னாங்க, என்று தீபன் சொல்லிக்கொண்டே போனான். நான் தலையாட்டினேன். எனக்குப் பாதி புரியவில்லை. எல்லாத்தையும் மீறிக் குழந்தைக்கு வந்துட்டா என்ன பண்ணுவீங்க, என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் வாயில் வந்துவிட்டது. தீபன் ரஞ்சனியைப் பார்த்தான்.

"வயிறு வலிக்குதுன்னு அது சொன்னா நம்புவோம்மா," என்றாள் ரஞ்சனி. "முதல் தடவையே நம்புவோம்."

தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறிப்போச்சு, சூடா ஒண்ணு சொல்றேன் இருங்க, என்று தீபன் எழுந்து போனான். அவன் கொண்டுவந்து வைத்ததை முழுசாகச் சாப்பிட்டு முடித்தேன்.